பீடத்தில் வாசித்த பெயர்

மொன்றியல்,
பெப்ரவரி 11.

அன்புள்ள றொக்சன் சுவாமிக்கு,

தோத்திரம். இந்தக் கடிதத்தைக் கொண்டு வரும் றொசான், உங்கள் அத்தானோடு ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையில் வேலை செய்கிற பிள்ளை. மன்னாருக்கு ஒரு கலியாணத்துக்கு வருகிறான். இனித் தொலைபேசியில் எதுவும் கதைக்க வேண்டாம் என்று நீங்கள் சொன்னதால் அவன் கையில் கொடுத்து விடுகிறேன். வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். இதோடு அனுப்புகிற சொக்கிலேற்றை அடுப்பில் போட வேண்டாம், அது உங்களுக்குச் சமைத்துத் தருகிற அம்மாவின் பிள்ளைகளுக்கு.

இங்கே ஒரு பெரிய பிழை நடந்துவிட்டது, சுவாமி. நீங்கள் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போவது ஆயருக்கும் சட்டத்தரணிக்கும் எங்கள் இருவருக்கும்தான் தெரியும் என்று இருந்தது. போன ஞாயிறு பூசைக்கு அத்தான் உங்களுக்காக வேண்டச் சொல்லிக் கருத்துக் கொடுத்திருக்கிறார். பெயரை மட்டும் கொடுத்திருக்கலாம். மனுசன் முழுக்கதையையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். போரின் கடைசியில் சரணடைந்து காணாமல் போனவர்களுக்காக அடுத்த மாதம் சாட்சி சொல்லவிருக்கும் அருட்தந்தை றொக்சன் அவர்களின் பாதுகாப்புக்காக என்று பீடத்திலிருந்து அப்படியே வாசித்தார்கள். எங்கள் பூசை பேஸ்புக்கில் நேரலையாகப் போகிறது. ஊரில் பாதிப்பேர் அதைப் பார்க்கிறார்கள். பார்க்கக் கூடாதவர்களும் பார்ப்பார்கள்.

வீட்டுக்கு வந்து நன்றாக ஏசினேன். கடவுளுக்கு விவரமாகச் சொன்னால்தானே விளங்கும் என்கிறார். கடவுள் செவிடில்லை, ஒலிபெருக்கி தேவையில்லை என்றேன். பிறகு அவர் குசினியில் இருந்து அழுதார், நானும் அழுதேன். அந்த வீடியோவை அன்றைக்கே அழிக்கச் செய்தோம். ஆனால் அந்தக் கிழமையே நீங்கள் தொலைபேசி எடுத்து, யாரோ இரண்டு பேர் நீங்கள் இருக்கிற மிஷன் வீட்டுக்கு வந்து, சுவாமி சிற்றாலயத்துக்குப் பூசை வைக்க எந்தப் பாதையால் போவார் என்று சமையல் அம்மாவிடம் கேட்டதாகச் சொன்னீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். உங்கள் சிரிப்பு எனக்குத் தெரியாதா.

அதிலிருந்து இங்கேயும் எனக்குப் பயம். கீழே டெப்பனர் கடையில் பால் வாங்கப் போனபோது அறியாத ஒருவர், நீங்கள் றொக்சன் ஃபாதரின் அக்காதானே என்று தமிழில் கேட்டார். இல்லை என்றேன். மனுசன் நல்லவராகக்கூட இருக்கலாம். ஆண்டவரைத் தெரியாது என்று சொன்ன இராயப்பரை இவ்வளவு காலமும் நக்கல் அடித்திருக்கிறேன், இனி அடிக்க மாட்டேன்.

போக வேண்டாம் என்று எழுதத்தான் இருந்தேன். வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புங்கள் என்று ஆயரைக் கேளுங்கள், இங்கேயும் தமிழ்ச் சுவாமிமாருக்குத் தட்டுப்பாடு என்று எழுத நினைத்தேன். ஷெல் விழ விழச் சனத்தோடு கடைசிவரை நின்றீர்கள், அது போதாதா? பயப்படாமல் வாருங்கள், நானும் வருகிறேன் என்று அங்கியோடு முன்னால் நடந்தீர்கள். ஒன்றும் செய்யமாட்டோம் என்று ஆமிக்காரர் உங்களுக்குத் தந்த வாக்கை நம்பித்தான் நடந்தீர்கள். சனம் ஆமியை நம்பவில்லை, அங்கியை நம்பியது. சரணடைந்தவர்களை பஸ்ஸில் ஏற்றிவிட்டு உங்களை மட்டும் இறக்கிவிட்டார்கள் என்றால், அதில் உங்கள் பிழை என்ன? இதை எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.

நேற்று அஞ்சலீனா வந்தாள். அந்த பஸ்ஸில் போன விமலநாதனின் மனைவி. இப்போது இங்கேதான், டொலார்ட் பக்கம் இருக்கிறாள். அன்றைய பூசையில் அவளும் இருந்தாளாம். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். குளிர்கோட்டைக் கழற்றாமலே கதிரை நுனியில் இருந்தாள். வழக்கைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. ஃபாதர்தானே என்ர மனுசனைக் கடைசியாகக் கண்டவர், அவர் யன்னல் பக்கமோ இருந்தவர் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ அக்கா என்றாள். அவருக்கு பஸ் ஓட்டம் ஒத்துவராதாம், சத்தி எடுப்பாராம். தேத்தண்ணீரும் குடிக்காமல் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு போக வேண்டாம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, சுவாமி. போங்கள் என்று எழுதவும் வரவில்லை. வழக்கு முடியும்வரை ஆயர் இல்லத்தில் படுங்கள். மோட்டார் சைக்கிளைத் தொட வேண்டாம். யார் நோயில் கிடக்கிறார் என்று கூப்பிட்டாலும் தனியாகப் போக வேண்டாம்.

நீங்கள் குருவான அன்று, மூத்தவள் என்றும் பார்க்காமல் முழங்காலில் இருந்து உங்களிடம் ஆசீர் வாங்கினேன். இன்றைக்கு மட்டும் நீ குனி, தம்பி. அம்மா இல்லை. உன் நெற்றியில் நான் சிலுவை போடுகிறேன். அஞ்சலீனா கேட்டதற்குப் பதிலை எழுதி அனுப்ப வேண்டாம். நீதிமன்றத்துக்குப் போய் வா. பிறகு இங்கே வந்து அவளுக்கு நீயே வாயால் சொல்.

உன் அக்கா,
மெற்றில்டா