அரிசி டின்னில் மூன்று ஃபியூஸ்

மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கின் எலெக்ட்ரீஷியன் விஸ்வேஸ்வரன் காலண்டர் தாளின் பின்புறம் மனைவிக்கு எழுதினான். அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். ராத்திரிச் சண்டைக்குப் பிறகு நேரில் சொல்ல அவனுக்குத் தைரியமில்லை.

“லோகா, மூட்டை தூக்கற மோட்டார் தண்டவாளத்துல ஓடறச்சே கேபிளும் கூடவே இழுபட்டு வளையறது. முதலாளி மெலிசா ஒண்ணு வாங்கிப் போட்டுட்டார். நேத்து தொட்டேன், கை சுட்டது. ரப்பர் வெடிச்சிருக்கு. சுமை தூக்கற ஒச்சப்பன் ஈரத் தரையில அதுக்குக் கீழேதான் நிக்கறான். சொன்னா, ‘ஓடற வரைக்கும் ஓடட்டும்’ங்கறார். மோட்டார் இழுக்கற கரண்டுக்கும் அவ்வளவு நீளத்துக்கும் தடியான, நன்னா வளையற கேபிள் வேணும். எர்ணாகுளத்துல வாங்கப் போறேன்.

அதுவரைக்கும் மோட்டார் ஓடக்கூடாதுன்னு அதோட மூணு ஃபியூஸையும் கழட்டிண்டு வந்து அரிசி டின்னில வெச்சிருக்கேன். யார் கேட்டாலும் கொடுக்காதே. எனக்கு மோர் சாதம் போதும்.”

அடியில் இடமில்லாமல் நெருக்கி எழுதினான்: “தாழ் போட்டுக்கோ. நேத்து கத்தினது பயத்துல.”

மத்தியானம் தோளில் கேபிள் சுருளோடு திரும்பியபோது அடுக்களை முழுக்க அரிசி கொட்டிக் கிடந்தது. அவனுக்கு உயிரே போயிற்று.

“கிடங்கு மேனேஜர் ஆளோட வந்து வீட்டையே கவுத்துப் போட்டுட்டார்” என்றாள் லோகாம்பாள். புடவை மடியை அவிழ்த்தாள். மூன்று ஃபியூஸும் அங்கே இருந்தன.

“சீட்டைப் படிச்சதுமே எடுத்துக் கட்டிண்டுட்டேன். நீங்க ஒளிச்சு வெக்கற இடம் ஊருக்கே தெரியுமே!”