உன் பேரில் பதிந்த தூண்டில்

இன்று காலை ஈஸ்ட் ஹாம் மீன்கடைக்குப் போனேன். ஐஸுக்கு மேல் மக்கரல் மீனைப் பரப்பி வைத்திருந்தார்கள். பச்சை முதுகு, கறுப்புக் கோடு, வெள்ளி வயிறு. அந்த வாசம் மூக்குக்குள் ஏறியதும் கடையும் இல்லை, ஈஸ்ட் ஹாமும் இல்லை. "அம்மா, உங்கட முறை, சொல்லுங்கோ" என்று கடைக்காரப் பிள்ளை இரண்டு மூன்று தரம் கூப்பிட்டாளாம். எனக்குக் கேட்கவில்லை. நான் உன்னோடு அந்தக் கடலடியில் நின்றுகொண்டிருந்தேன். காற்றிலே உன் சீலைத் தலைப்பு என் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

நீ போய் ஒரு மாரி கழிந்துவிட்டது. உனக்கு எழுதவேண்டும் என்று நினைப்பதும் விடுவதுமாக இருந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்குப் பேனை பாரம். ஆனால் மறதி மட்டும் எனக்குக் கடவுள் தரவில்லை. யார் என்ன சொன்னார்கள், எங்கே வைத்துச் சொன்னார்கள், அன்றைக்கு நான் என்ன சீலை உடுத்தியிருந்தேன், எல்லாம் அப்படியே இருக்கிறது. அவர்கள் உனக்குச் சொன்னவையும் இருக்கின்றன. நீ மன்னித்துவிட்டாய். நான் மன்னிக்கவில்லை. "எடி, உன்ர நெஞ்சுக்குள்ள ஒரு வழக்குக் கோடு இருக்கு, நீதிபதி லீவே எடுக்கிறேல்லை" என்று நீ சிரிப்பாய்.

அந்தக் கோட்டிலே முதல் எதிரி உன் தமையன்.

எண்பதுகளின் கடைசி அது. நாங்கள் இரண்டு பேரும் மனோர் பார்க்கில் ஒரே தெருவில் இருந்தோம், ஒரே சேர்ச்சுக்குப் போனோம். யாழ்ப்பாணத்தில் எங்கள் கரையூரில் பிறந்த ஆம்பிளைகள் எல்லாம் சேர்ந்து, கோடையில் ஒருமுறை வான் வண்டி பிடித்துக் கோர்ன்வாலுக்குப் போவார்கள். அங்கே அத்திலாந்திக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய ஒரு கல் ஜெற்றி. ஒரு வெள்ளைக்காரர் தூண்டில் தடியும் தந்து, எப்படிப் போடுவது எப்படி இழுப்பது என்று காட்டி, அரைநாள் கூடவே நின்று மீன் பிடிக்க வைப்பார். முன்கூட்டியே ரெலிபோனில் இடம் பதியவேண்டும். இதற்கெல்லாம் தலைவர் உன் தமையன். ஊரில் தகப்பனின் வலையும் வள்ளமும் அவருக்குப் போயின. லண்டனில் வானும் தூண்டிலும் அவருக்கே போயின. எங்களுக்கு வந்தது கட்லற் பொரிக்கிற தாச்சி.

பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நேரம் நீ கேட்டாய். மெல்லத்தான் கேட்டாய்.

"அண்ணை, இந்தமுறை நானும் வரட்டே?"

அவர் கோப்பையைக் கீழே வைக்கவும் இல்லை.

"நீயோ? நீ கால் வைச்ச இடத்தில மீன் படுமே? ஊரில செய்தது காணாதே?"

ஊரில் நீ செய்தது என்ன? சின்னப் பிள்ளையாக ஓடி விளையாடும்போது, கரையில் விரித்துக் கிடந்த வலையைக் கடந்துவிட்டாய். பொம்பிளைப்பிள்ளை வலையைக் கடந்தால் மீன் படாது என்பது எங்கள் கரையில் சட்டம். அன்றைக்கு வலை வெறுமனே ஏறியது. உனக்கு அடி விழுந்தது. அடி ஆறிவிட்டது, பேர் ஆறவில்லை. ராசியில்லாதவள். உனக்குக் கலியாணம் பேசின இடத்திலும் அந்தப் பேர் உனக்கு முன்னால் போய்க் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தது. பிளேன் ஏறி வந்தால் விட்டுப் போகும் என்று பார்த்தால், உன் தமையன் அதைச் சூட்கேசில் வைத்து லண்டனுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

மண்டபத்தில் இருந்த ஆம்பிளைகள் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். அன்றிலிருந்து அவருக்குச் சொதியில் உப்பு இருக்கவில்லை.

வீட்டுக்கு நடந்து வந்தோம். தெரு முனையில் வைத்துத்தான் வாய் திறந்தாய்.

"எனக்கு ஒரு மீன் பிடிக்கவேணுமடி. ஒண்டே ஒண்டு. என்ர கையால. அந்தச் சொல்லு பொய்யெண்டு அவருக்குக் காட்ட இல்லை. எனக்குத் தெரியவேணும்."

"நீயும் அந்தச் சொல்லை நம்புறியே?"

நீ குனிந்து நடையைக் கூட்டினாய். இத்தனை வயதில், பேரப்பிள்ளை கண்ட பிறகும், நீ உள்ளுக்குள் அதை நம்பிக்கொண்டிருந்திருக்கிறாய்.

"அப்ப நாங்களே புக் பண்ணுவம்" என்றேன்.

அந்த வெள்ளைக்காரரின் ரெலிபோன் நம்பர் சேர்ச் நோட்டீஸ் பலகையில் ஊரறியத் தொங்கியது. வீட்டில் இருந்து எடுத்தால் ஆள் மாறி ஆள் கேட்பார்கள் என்று, ஸ்ரேஷனடி ரெலிபோன் பெட்டிக்குப் போனோம். இரண்டு பேரும் கோட்டும் சீலையுமாக உள்ளே புகுந்ததும் கதவு சாத்தவில்லை. உன் பின்பக்கம் தெருவில் நின்றது. நான் தொடங்கினேன்.

"ஹலோ. வீ வோன்ற் புக்கிங். ரூ லேடீஸ். பிஷிங்."

முன்பு மீன் பிடித்திருக்கிறீர்களா என்று கேட்டார். "நோ. ஒன்லி ஈற்றிங்" என்றேன். மனுசன் சிரித்த சிரிப்பில் ரெலிபோன் அதிர்ந்தது. பிறகு சொன்னார், அந்த மாதம் ஒரு சனிக்கிழமைதான் மிச்சம், அன்றைக்கு லண்டனிலிருந்து ஓர் ஆம்பிளைக் கூட்டம் வருகிறது, அவர்களுக்குப் போக இரண்டு தடி இருக்கிறது. நான் ரெலிபோனின் வாயைப் பொத்திக்கொண்டு உன்னிடம் சொன்னேன்.

"உன்ர அண்ணற்ற கூட்டம்தான். வேண்டாமடி. அடுத்த மாதம் பாப்பம். அண்டைக்கு மீன் படாட்டில் சாகுமட்டும் பழி உன்ர தலையிலதான்."

"இப்ப மட்டும் ஆற்ற தலையில கிடக்கு?" என்றாய். "அந்த நாள்தான் வேணும். விடு, நான் கதைக்கிறன்."

ரெலிபோனை என் கையிலிருந்து பறித்தாய். அவர் பேர் கேட்டார். வெள்ளைக்காரருக்கு முதலில் வேண்டியது கடைசிப் பேர். எங்கள் கடதாசிகளில் கடைசிப் பேர் என்று இருப்பது புருஷனின் பேர். அதை நாங்கள் வாயால் சொன்னதே இல்லையே! டொக்டரிடம் போனால் கார்டை நீட்டுவோம். கவுன்சிலுக்குப் போனால் கடிதத்தை நீட்டுவோம். ரெலிபோனுக்குள் எதை நீட்டுவது?

"சொல்லடி, உன்ர மனிசன்ர பேரைச் சொல்லு!"

"விசரியே, அவற்ர பேரை நான் சொல்லுறதே?"

"அப்ப நான் சொல்லட்டே?"

"நீ ஏன் அவற்ர பேரைச் சொல்லவேணும்? பொறு, வாய்க்குள்ள வந்திட்டுது. வெளியில வருகுதில்லை."

அந்த மனுசன் அங்கே ஹலோ ஹலோ என்கிறார். போட்ட காசு முடிந்து ரெலிபோன் பீப் பீப் என்றது. பிறகு செத்துப்போனது. நீ கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாய். வெளியே ஒருவன் தட்டினான். அவனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன், போய்விட்டான்.

"என்ர பேர் ஒண்டு இருக்குத்தானே" என்றாய் நீ, சுவரோடு பேசுவதுபோல.

இரண்டாவது தரம் நீயே சுழற்றினாய். அவர் பேர் கேட்டார். ஞானஸ்நானத்தில் உனக்கு வைத்த பேரைச் சொன்னாய். கலியாணத்துக்குப் பிறகு ஒருவரும் கூப்பிடாத பேர். தங்கச்சி, மச்சாள், அம்மம்மா, மிஸிஸ் இன்னார் என்று எத்தனையோ பேர் வந்து ஏறி மூடிப்போட்ட பேர். கடைசிப் பேர் என்ன என்று அவர் கேட்டார். அதே பேரைத் திரும்பவும், இன்னும் பலமாகச் சொன்னாய். "தற்ஸ் ஓல். ஒன்லி மீ." ரெலிபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். கோட்டு எல்லாம் வேர்வை.

உன் மனிசன் தங்கமான ஆள். இரவு வேலையால் வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே கேட்டார்: "என்ர பேரிலயோ புக் பண்ணினீர்?"

"இல்லையப்பா. என்ர பேரில."

"அப்ப மீனில எனக்குப் பங்கில்லையோ?"

"முள்ளுத் தரலாம்" என்றாய்.

ஆம்பிளைகளுக்கு வழமைபோலக் கட்லற் பொரித்துக் கொடுத்தோம். பெரிதாக வந்ததெல்லாம் எங்கள் பெட்டிக்குள் போனது. அவர்களுக்கு முதல்நாளே விக்ரோறியாவில் கோச் பஸ் ஏறினோம். கடலடியில் ஒரு கிழவியின் வீட்டில் தங்கினோம். காலையில் அவள் தந்த அவித்த பீன்ஸை நீ மிளகாய்த்தூள் போட்டுத் தின்றதும், அவள் வாய்பார்த்து நின்றதும் வேறு கதை.

ஜெற்றிக்கு நாங்கள் போனபோது அவர்கள் முதலே வந்திருந்தார்கள். உன் தமையனின் கையில் பாதிக் கட்லற்.

"நீ என்ன இஞ்சை?"

"புக் பண்ணினனான், அண்ணை."

வெள்ளைக்காரர் சிவந்த முகத்தோடு வந்து உன் பேரைச் சத்தமாகக் கூப்பிட்டார். முன்னுக்கும் பின்னுக்கும் ஒருவரின் பேரும் ஒட்டாமல், உன் பேரை மட்டும். ஆம்பிளைகள் திரும்பிப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு அது ஆருடைய பேர் என்றே தெரியவில்லை.

எங்களுக்கு இடம் ஜெற்றியின் நுனியில். அங்கே போகும் வழியில், தங்கள் தூண்டில் தடிகளைக் குறுக்கே போட்டுவிட்டு அவர்கள் தின்றுகொண்டிருந்தார்கள். முதல் தடி உன் தமையனுடையது.

"அண்ணை, தடியை எடுங்கோ. நாங்கள் அங்காலை போகவேணும்."

அவர் கடலைப் பார்த்தார். "சுத்திப் போ."

"சுத்திப் போறதெண்டால் தண்ணிக்குள்ளாலதான் போகவேணும்."

"அப்ப நிண்ட இடத்திலயே நில்."

ஒருவரும் தடியை எடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் குனிந்து சப்பாத்தைக் கட்டினார், கட்டின சப்பாத்தையே கட்டினார். நீ என்னைப் பார்த்தாய். பிறகு சீலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கினாய். முதல் தடியைக் கடந்தாய். இரண்டாவதைக் கடந்தாய். ஒன்றும் விடாமல் கடைசித் தடிவரை கடந்து போனாய். நான் பின்னாலே கடந்து வந்தேன். ஒருத்தர் சிலுவை போட்டதைக் கண்டேன். ஆர் என்று உனக்குச் சொன்னேன்தானே, திரும்ப எழுதவில்லை.

கயிற்றிலே இறகு கட்டின கொக்கிகள். கடலின் அடிவரை இறக்கி, தூக்கித் தூக்கி விடவேண்டும் என்று அந்த மனுசன் காட்டினார். நாங்கள் தூக்கினோம், விட்டோம். தூக்கினோம், விட்டோம். மீன் இல்லை. கடற்காகம் ஒன்று வந்து உன் கட்லற்றைக் கொண்டுபோனது. மீன் இல்லை. வற்றின நீர் பெருகத் திரும்பவேண்டும், அப்போதுதான் மீன் வரும், பொறுங்கள் என்றார் வெள்ளைக்காரர்.

"கண்டியளே?" உன் தமையனின் குரல் காற்றில் வந்தது. "அண்டைக்கும் இதுதான். இண்டைக்கும் இதுதான்."

நீ திரும்பவில்லை. ஆனால் உன் கை நின்றுவிட்டது. தூண்டில் சும்மா தொங்கியது.

"தூக்கடி" என்றேன்.

"எடி, ஒருவேளை..."

"ஒருவேளையும் இல்லை. தூக்கு!"

அப்போதுதான் நீர் திரும்பியது. முதல் வளைந்தது ஆருடைய தடி? உன் தமையனுடைய தடி! நீ முதலில் காலைத் தூக்கிக் கடந்த அதே தடி. மனுசன் இழுக்கிறார், இழுக்கிறார், கொக்கிக்கு ஒன்றாக மக்கரல் துள்ளித் துள்ளி ஏறுகிறது. சிரிப்பதா, முகத்தை நீட்டுவதா என்று தெரியாமல் அவர் நின்ற நிலையைப் படம் எடுத்துச் சுவரில் மாட்டியிருக்கவேண்டும். நீ ஜெற்றி முழுக்கக் கேட்கக் கத்தினாய்:

"அண்ணை, நான் முதல் கடந்த தடி அதுதானே?"

ஆம்பிளைகள் வெடித்துச் சிரித்தார்கள். பெரிய சத்தம் என் வீட்டுக்காரருடையது. அன்றோடு சொதிக்கு உப்பு வந்தது.

பிறகு உன் தடி வளைந்தது. உதவிக்கு ஓடிவந்த வெள்ளைக்காரரை "நோ! மை பிஷ்!" என்று முழங்கையால் தள்ளிவிட்டாய். நீயே இழுத்தாய். நீயே கொக்கியை எடுத்தாய். இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாய். செதில் எல்லாம் சீலையில் ஒட்டியது. உன் கண்ணால் தண்ணீர் ஓடியது, வாய் சிரித்தது.

"துடிக்குதடி" என்றாய். "என்ர கைக்குத்தான் வந்திருக்கு, பார்."

தொண்ணூறுகளில் ஒவ்வொரு கோடையும் பொம்பிளைகளின் வான் தனியாகப் போனது. உன் பேரில்தான் பதிவோம். உன் தமையன் கலியாணவீடுகளில், "என்ர தங்கச்சி ராசிக்காரியெண்டு நான் அப்பவே சொன்னனான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். நீ சிரித்தாய். என் கோட்டிலே அதுவும் தனி வழக்காக ஏறியிருக்கிறது. அவருக்கு இப்போது காது கேட்பதில்லை. வழக்கு நடக்கிறது.

கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் உனக்கு எங்கள் பேரெல்லாம் தடுமாறியது. ஆனால் தாதி வந்து பேர் கேட்டால் உன் பேரைப் பளிச்சென்று சொன்னாய். கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். அழவில்லை. வென்றவளுக்கு ஏன் அழுகை?

உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று இருக்கிறது. போன கிழமை பக்கத்து வீட்டுக்காரன் நடைபாதைக்குக் குறுக்கே தண்ணீர்க் குழாயைப் போட்டுவிட்டுக் கார் கழுவினான். மகள் என் கையைப் பிடித்தாள். "அம்மா, விழுந்திடுவியள். சுத்திப் போவம்." என் முழங்கால் இரண்டும் அவள் பக்கம்தான். நான் கையை உதறிவிட்டுச் சீலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கினேன். கடந்து போனேன்.