பின்னு லூசான டிவி கேம்

அக்கா,

இன்னிக்கி காலைல டிவி கேமுக்குப் பின்னாடி அடாப்டர் சொருவுற பின்னு மறுபடியும் புட்டுக்குச்சி. இது எத்தினியாவது தடவன்னு எண்றத வுட்டுட்டேன். நாலு ஸ்க்ரூவ கழட்டி, மூடிய தூக்கி, போர்ட கவுத்துப் போட்டு, சால்ட்ரிங் கம்பிய பேஸ்ட்ல தொட்டேன். பொகை கெளம்பி மேல வந்துச்சி. ஒடனே நீ வந்துட்ட. "இன்னாடா, பூச போடறியா, சாம்பிராணி வாசன தெருமொனை வரைக்கும் வருது"ன்னு நீ கேப்பியே, அது அப்பிடியே காதுல கேட்டுச்சி. கம்பி கைல கீது, ஈயம் சொட்டுது, நான் வாசப்பக்கம் பாத்துகினு ஒக்காந்துட்டேன். வாசல்ல யாரும் இல்ல.

நீ செத்து எட்டு மாசம் ஆவுது. இத்த எழுதறதே கிறுக்குத்தனம். நீ உயிரோட இருந்தாலும் உனக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படிச்சிக் காட்டணும். படிச்சிக் காட்டற தைரியம் எனக்கு இருந்திருந்தா எழுதவே வாணாம், அப்பவே சொல்லியிருப்பேன்.

மொத தடவ நீ என் டிவி கேம் கடைக்குள்ள வந்தது தண்ணி கேக்கத்தான். இரும்புலியூர்ல அது முன்னாடி சைக்கிள் கடையா இருந்த ரூமு. ஒரு டிவி, ஒரு டேபிளு, ரெண்டு பெஞ்சி, பர்மா பஜார்ல பழசா வாங்கின அந்த மிஷினு. வாங்கும்போதே வெள்ள பிளாஸ்டிக்கு டீ கலர்ல பழுத்துப் பூட்ருந்துச்சி. கேசட்ட ஊதி ஊதிப் போடணும். சில நாளு ஊதுனாலும் வராது, ரப்பர வெச்சி கேசட்டு பல்லத் தேய்க்கணும். பட்டன் அமுங்கலன்னா கன்ட்ரோலரத் தொறந்து, உள்ள தேஞ்சிப்போன ரப்பர்ல சிகரெட் பாக்கெட் வெள்ளிப் பேப்பர வெட்டி ஒட்டணும். ரொம்ப நேரம் ஓடுனா சூடாயி நிக்கும், அதுக்கு ஒரு டேபிள் ஃபேனு. மனுசன் ஓய்வா ஒக்காந்த நேரத்த விட மிஷினு படுத்த நேரம் ஜாஸ்தி.

அன்னிக்கி வெயில் மண்டயப் பொளந்துச்சி. நீ மீன் அன்னக்கூடைய வாசல்ல எறக்கி வெச்சிட்டு சொம்புத் தண்ணிய அண்ணாந்து குடிச்ச. குடிச்சிகினே டிவியப் பாத்த. கட்டை அடுக்கற ஆட்டம் ஓடிச்சி. மேலேர்ந்து கட்டை கட்டையா உழும், சந்து இல்லாம அடுக்கணும், ஒரு வரிசை ரொம்பினா அது காணாப் பூடும்.

"இதுக்கா காசு குடுத்து ஒக்கார்றானுங்கோ?"

"ஆடிப் பாத்துட்டுப் பேசுக்கா."

"இதுல இன்னாடா வித்தை. அன்னக்கூடைல மீன் அடுக்கறதுதான. பெருசு கீழ, சந்துல நெத்திலி."

ஒக்காந்த. ரெண்டு நாள்ல பட்டனப் புடிச்சிகின. ஒரு வாரத்துல நான் உன்னாண்ட தோத்துட்டேன். கட்டைக்கெல்லாம் பேரு வெச்ச. நீட்டா வர்றது வாளை, சதுரமா வர்றது சங்கரா, கோணலா வர்றது நண்டு. நீட்டுக் கட்டை வராம ஸ்கிரீனு ரொம்பிகினே போவும்போது, "வாளை வர மாட்டேங்குதேடா, கடல்ல காத்து சரியில்ல போல"ன்னு சொல்லிகினே ஆடுவ. விடியறதுக்குள்ள கோவளம் போயி மீன் எடுத்து, பஸ்ல கண்டக்டராண்ட சண்ட போட்டுகினு வந்து, தெருத்தெருவா வித்துட்டு, மத்தியானம் ஒரு மணி சுமாருக்கு காலிக் கூடையோட வருவ. அந்த நேரம் கடைல ஈ காக்கா இருக்காது. நீ, நான், மேல ஏர்ஃபோர்ஸ் பிளேன் சத்தம், அவ்ளோதான். நான் பாலிடெக்னிக்க பாதியில வுட்டத எல்லாரும் ஏன் ஏன்னு கேட்டானுங்கோ. நீ ஒருத்திதான் கேக்கல. "அந்த நண்ட எங்கடா போடறது"ன்னு மட்டும் கேட்ட.

அப்பறம் முழுப்பரீட்ச லீவு வந்துச்சி. மத்தியானத்துலயே பசங்க கூட்டம். நீ ஆடிகினு இருப்ப, பின்னாடி பெஞ்சில ஒருத்தன் சட்டக் காலர மூக்கு மேல இழுத்து வுட்டுப்பான். "அண்ணா, கடைல கருவாடு காய வெச்சிக்கிறியா"ன்னு ஒருத்தன். நாலு பேரு எந்திரிச்சி கிழக்குத் தாம்பரத்துல புதுசா தொறந்த கடைக்குப் பூட்டானுங்கோ. அங்க மிஷினும் புதுசு.

உன்னாண்ட நேரா சொல்லியிருக்கலாம். "அக்கா, லீவு முடியற வரைக்கும் பசங்க வர்றதுக்கு முன்னாடி வா"ன்னு ஒரு வார்த்த. நீ கோச்சிக்க மாட்ட, எனக்குத் தெரியும். ஆனா நான் அப்பிடிப்பட்ட ஆளு இல்ல. படிப்ப வுட்டதும் இப்பிடித்தான். வாத்தியாராண்ட சொல்லல, எங்கப்பாவாண்ட சொல்லல, ஒரு நாள் காலைல வேற பஸ்ல ஏறிப் பூட்டேன்.

அடாப்டர் ஒயரு டேபிளுக்குப் பின்னாடி தொங்கி என் ஸ்டூலாண்டதான் சுவத்துக்குப் போவும். நீ ஆடிகினு இருக்கும்போதே செருப்பக் கழட்டுனேன். பெருவெரலுக்கும் பக்கத்து வெரலுக்கும் நடுவுல ஒயரப் புடிச்சி லேசா ஒரு இழு. அவ்ளோதான். டிவில புள்ளி புள்ளியா எரைச்சல்.

நீ சுட்டாப்ல கையெடுத்த.

"இன்னாடா ஆச்சி?"

"நின்னுடுச்சிக்கா."

"நான் இன்னா பண்ணேன்?"

ஒண்ணும் பண்ணல, சூடாயிடுச்சின்னு சொல்லியிருந்தா அதோட பூட்ருக்கும். பசங்க பாத்துகினு இருந்தானுங்கோ. நான் சொன்னேன், "ஈரக் கை பாருக்கா. உப்பு கிப்பு உள்ள ஏறிக்கும்."

நீ உன் ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பாத்த. அப்பறம் பொடவைல தொடச்சிகினு, கூடையத் தூக்கிகினு பூட்ட.

மறுநாள் வந்து கைய என் மூஞ்சிக்கு நேரா நீட்டின. "மோந்து பாரு. எலுமிச்சம்பழம் வெச்சித் தேய்ச்சி, கட்டி சோப்பு போட்டு மூணு தண்ணில கழுவினேன். மாப்ள கை மாதிரி கீதா?" கத்தி பட்ட தழும்பு, செதில் கீறின கோடு, மேல எலுமிச்ச வாசன, அதுக்கு அடில மீனு. நல்லா கீதுக்கான்னேன். பத்து நிமிசம் ஆடின. பசங்க வந்தானுங்கோ. என் காலு ஒயராண்ட போச்சி.

அதுக்கு அடுத்த நாள் ரெண்டு கைலயும் பிளாஸ்டிக் கவர மாட்டி, மணிக்கட்டுல ரப்பர் பேண்டு போட்டுகினு வந்த. பசங்க சிரிச்சானுங்கோ. நீயும் கூட சேந்து சிரிச்ச. "போங்கடா, ஆப்ரேஷன் பண்ற டாக்டரு மாட்டிக்கல?" கவர் வழுக்கி வழுக்கி கட்டையெல்லாம் கோணலா உழுந்துச்சி. அப்பவாச்சும் நான் சும்மா இருந்திருக்கலாம். இல்ல. நின்னுச்சி. நீ கவரக் கழட்டி, மடிச்சி, இடுப்புல சொருவிகின. "வுட்றா, அதுக்கு என்னப் புடிக்கல"ன்ன.

அதுக்கப்பறம் நீ ஒக்காரவே இல்ல. வாசல்ல நின்னு பாப்ப. பசங்களுக்கு யோசனை சொல்லுவ. "சந்துல போடுடா, அங்க இல்ல, அதோ அந்த சந்து." காலர மூக்குல போட்டுகின பையனே உன்னாண்ட திரும்பி "இப்ப எங்கக்கா"ன்னு கேக்க ஆரம்பிச்சான். வாசல்ல நின்னா உன் வாசன யாருக்கும் தெரியல. எல்லாருக்கும் சவுகரியமாப் பூட்டுது.

ஸ்கூல் தொறந்ததும் சொல்லிடலாம்னு இருந்தேன். தொறந்துச்சி. மத்தியானம் கடை காலி. "வாக்கா, ஒரு ஆட்டம் ஆடு, யாரும் இல்ல"ன்னு கூப்டேன்.

"வாணாண்டா. உன் பொழப்பே அதுலதான் ஓடுது. என் கை பட்டு ஒரேடியாப் படுத்துடுச்சின்னா?"

"ஒண்ணும் ஆவாதுக்கா."

"உனக்குத் தெரியாது. உப்புல பொறந்து உப்புல கெடக்கற கை இது. எங்கூட்ல கட்டில் ஆணி கூட துரு புடிச்சி வுழுந்துடும்."

சொல்ல வேண்டிய எடம் அதுதான். நீ, நான், காலிக் கடை. நான் பெஞ்ச தொடச்சிகினு இருந்தேன்.

இன்னொண்ணு கீது. லீவு முழுக்க காலால இழுத்து இழுத்து, அந்தப் பின்னு நெஜமாவே லூசாயிப்போச்சி. இப்ப நான் தொடாமலே நிக்குது. ஒரு நாள் நீ வாசல்ல நின்னுகினு இருக்கும்போது அதுவா நின்னுச்சி. என் காலு ஸ்டூலு மேல மடிச்சி கீது, நான் ஒண்ணும் பண்ணல. நீ ரெண்டு அடி பின்னால போயி தெருவுல நின்ன. "நான் நிக்கறதாலயாடா?"ன்னு கேட்ட. நான் சிரிச்சேன். ஏன் சிரிச்சேன்னு இன்னிக்கி வரைக்கும் தெரியல.

மழை காலத்துல உன்னக் காணம். மஞ்சக் காமாலைன்னு சொன்னாங்கோ. மார்க்கெட்டுல எறா விக்கற அக்காதான் ஒரு நாள் நீ பூட்டன்னு சொல்லிச்சி. மறுநாள் உன் தெருமொனை வரைக்கும் வந்தேன். பந்தல் பிரிச்சிகினு இருந்தானுங்கோ. திரும்பிட்டேன்.

அப்பறம் இந்த எட்டு மாசமும் மிஷினு, ஈயம், பேஸ்ட்டு, ஃபேனு. பத்த வெச்சா ஒரு வாரம், பத்து நாளு. மறுபடி புடுங்கிக்கும். புதுசு வாங்கறதுக்கு வழி இல்ல, இத்தத் தூக்கிப் போடவும் மனசு இல்ல. ஓஞ்சி பூட்டேன்கா.

போன வாரம் உன் பொண்ணு வசந்தி கடைக்கு வந்துச்சி. வாசல்லயே நின்னுச்சி, உள்ள வரல.

"அண்ணா, எங்கம்மா இங்கதான ஆடும்? உன்னாண்ட ஒண்ணு கேக்கணும்."

"உள்ள வா."

"வாணாம், இங்கயே கேட்டுக்கறேன். தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில என்னைய வேலைக்கு எடுத்துகினாங்கோ. போர்டுல சின்னச் சின்ன பார்ட்ஸு சொருவுற வேல. திங்கக்கெழம வரச் சொன்னாங்கோ. போறதா வாணாமான்னு தெரில."

"ஏன், நல்ல வேலதான?"

"எங்கம்மா சொல்லும், நம்ம கை கரண்டு சாமானுக்கு ஆவாது, தொட்டா நின்னுடும்னு. வூட்ல ஃபேன் சுவிட்ச கூட துணிய வெச்சித்தான் போடும். என்னையும் தொட வுடாது. அங்க போயி நான் தொட்டு எதுனா கெட்டுப் பூடுச்சின்னா? உனக்கு மிஷின் வேல தெரியும். நெஜமா அது?"

உன் பொண்ணு பத்தாவது பாஸு. அத்த கூடையத் தூக்க வுடக் கூடாதுன்னு நீ எத்தினி தடவ சொல்லிக்கீற. வேல கைக்கு வந்தாச்சி, அத்த தொடலாமா வாணாமான்னு என்னாண்ட வந்து நிக்குது. "அதெல்லாம் சும்மா, நீ போ"ன்னு ஒரு வார்த்தைல அனுப்பியிருக்கலாம். என் காலப் பத்திப் பேசவே வாணாம். ஆனா அது நம்பாது. அம்மா சொன்னத வுட்டு என் வார்த்தைய ஏன் நம்பும்?

சொல்லிட்டேன். எல்லாத்தையும். ஒயரு, செருப்பு, பெருவெரலு, பசங்க மூக்க மூடினது, நீ கவர் மாட்டிகினு வந்தது. கவர் கதைய சொல்லும்போது அது மூஞ்சியப் பாக்க முடில, டிவியப் பாத்துகினே சொன்னேன்.

வசந்தி செருப்பக் கழட்டிட்டு உள்ள வந்துச்சி. மிஷினு ஓடிகினுதான் இருந்துச்சி. அது மேல உள்ளங்கைய வெச்சி அழுத்திச்சி. அப்பிடியே நின்னுச்சி. ஒரு நிமிசம் இருக்கும். நடுவுல ஒரு தடவ குனிஞ்சி டேபிளுக்கு அடில பாத்துச்சி, என் காலு எங்க கீதுன்னு.

மிஷினு நிக்கல. நான் எந்த சாமியையும் கும்புட மாட்டேன், அன்னிக்கி அந்த லூசு பின்னக் கும்புட்டேன்.

கைய எடுத்துட்டு சொல்லிச்சி, "எங்கம்மா இத்தக் கேட்டிருந்தா சிரிச்சிருக்கும். நான் சிரிக்க மாட்டேன்."

"சிரிக்காத"ன்னேன்.

"சாவறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம் இல்ல?"

அது செருப்ப மாட்டிகினு பூடுச்சி.

திங்கக்கெழம காலைல சீக்கிரமே கடையத் தொறந்து வெச்சிகினு ஒக்காந்தேன். கம்பெனி வேனு ஜிஎஸ்டி ரோட்டு மொனைல நின்னுச்சி. உன் பொண்ணு ஏறிச்சி. கைல டிபன் பை. கடைப்பக்கம் திரும்பிக் கூடப் பாக்கல. செவ்வாக்கெழமயும் ஏறிச்சி. பாக்காமலே போட்டும்.

மன்னிச்சிக்கன்னு கேக்க மாட்டேன்கா. கேட்டா நீ ஒடனே மன்னிச்சிடுவ, அது எனக்கு ரொம்ப சுலபமாப் பூடும்.

மிஷினு இன்னும் அப்பப்ப நிக்குது. யாராச்சும் ஒரு பையன் ஆடிகினு இருப்பான், படக்குனு நிக்கும். அவன் பட்டன்லேர்ந்து கைய எடுத்துட்டு மொதல்ல தன் கையப் பாப்பான், அப்பறம் என்னப் பாப்பான். எல்லாரும் அப்பிடித்தான் பாக்கறானுங்கோ. இத்தினி வருசம் நான் கவனிக்கல. இப்ப எந்திரிக்கறதுக்கு முன்னாடி, ஸ்க்ரூ ட்ரைவரத் தேடறதுக்கு முன்னாடி, மொதல்ல அத்த சொல்லிடறேன்.

உன் கையால இல்லடா.