பதினெட்டுப் பேர் வேண்டாம், மச்சான்

அன்பு மச்சான் ஞானமுத்துவுக்கு,

இந்தச் சேதியைக் கேட்க நீ இருந்திருக்க வேண்டும். பம்பாயில் சீமைக் கோஷ்டி தோற்றுப்போனது. கப்பலேறி வந்து ஊர் ஊராகக் கிரிக்கெட் ஆடுகிறார்களே, அந்த இங்கிலாந்துக்காரர்களேதான். தோற்கடித்தவர்கள் பார்சிகள். பதினொரு பேருக்குப் பதினொரு பேர். மிஷன் பள்ளிக்கு வந்த பத்திரிகையில் படித்ததும், வகுப்பை அப்படியே விட்டுவிட்டு உன் கல்லறைக்கு ஓடலாமா என்று இருந்தது. மறு ஆட்டத்தில் சீமைக்காரர்கள் மயிரிழையில் ஜெயித்துவிட்டார்கள். இருக்கட்டும். முதலில் தோற்றது தோற்றதுதானே?

போன வருஷம் வேலூர்ப் பட்டாளத்துத் துரைகள் நம்மோடு ஆட வருவதாகத் தங்கள் குமாஸ்தாவிடம் சொல்லியனுப்பியது நினைவிருக்கிறதா? அதில் ஒரு சலுகை. அவர்கள் பதினொரு பேர், நாம் பதினெட்டுப் பேர் இறங்கலாம். எங்களுக்கெல்லாம் வாயெல்லாம் பல். நீ மட்டும் தறிக்குழியிலிருந்து எழுந்திருக்காமலே பதில் சொன்னாய்.

“பதினெட்டு பேர் எதுக்குங்க? நாங்க என்ன அரை ஆளுங்களா? பதினொன்னுன்னா வரோம். இல்லன்னா அவங்க அங்கியே ஆடிகினு இருக்கட்டும்.”

ஆட்டம் நின்றுபோனது. நமக்குப் பந்து வீசுகிற குப்புசாமி உன்னோடு பேச்சையே விட்டான். “இவன் வீம்பால எல்லாம் பேஜாரா பூட்ச்சி. பதினெட்டு பேர் இருந்தா ஜெயிச்சிருப்போம்” என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தான். ஆடியில் வாந்திபேதி உன்னைக் கொண்டுபோனபோதும் அவன் கோபம் தீர்ந்திருக்கவில்லை.

இப்போது கேள். போன வாரம் அதே குமாஸ்தா மறுபடியும் வந்தார். அதே துரைகள், அதே பதினெட்டு. நான் பம்பாய்ச் சேதியைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“பார்சிங்க சீமைக்கே போய் ஆடிட்டு வந்தவங்க, வாத்தியாரே. நீங்க தறிக்காரங்க. துரை தயவா குடுக்கறத வாங்கிக்கோங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள், பின்னாலிருந்து குப்புசாமிதான் பேசினான்.

“பதினொன்னுக்கு மேல ஒரு ஆளு எறங்க மாட்டோங்க. அமாவாசைக்கு வரச் சொல்லுங்க. மத்த நாள்ல தறி ஓடிகினு இருக்கும், எங்களுக்கு நேரமில்ல.”

மச்சான், அது உன் பேச்சு. நீ இருந்தபோது அவனுக்கு ஏன் இது புரியவில்லை? அவனிடமே கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, “அவன் செத்தப்புறம் பதினெட்டு பேர நிறுத்தினா, அவனத் தோக்கடிச்ச மாரி ஆயிடும்” என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

துரைகள் ஒப்புக்கொண்டார்கள். மாசி அமாவாசைக்கு நம்மூர்க் கோட்டை மைதானத்தில் ஆட்டம். உன் வேப்பமர மட்டையை என் தங்கை எஸ்தர் துணி சுற்றி வைத்திருந்தாள். உன் மனைவியாயிற்றே, வீம்புக்குக் கேட்க வேண்டுமா? “ஜல்தியா அவுட்டாகறதா இருந்தா இத உனக்குக் குடுக்க மாட்டேண்ணா” என்று மிரட்டிவிட்டுத்தான் தந்தாள்.

இன்னொரு சேதி. அலகாபாத்தில் சீமைக் கோஷ்டியை எதிர்த்து, இந்தியா என்ற பெயரிலேயே ஒரு கோஷ்டி இறங்கியதாம். அதிலும் பெரும்பாலும் துரைகளே. அப்படியென்றால் வெளியே நின்று வேடிக்கை பார்த்தவர்கள் எந்தத் தேசத்தார்? நீ இருந்திருந்தால் குமாஸ்தாவின் முகத்துக்கு நேரே கேட்டிருப்பாய். நான் ஆட்டம் முடிந்ததும் துரையிடமே கேட்கப்போகிறேன்.

ஜெயிப்போமா? தெரியாது. அவர்களுக்குச் சப்பாத்து, சீமை மட்டை, தினமும் ஆடிய பழக்கம். நமக்கு வெறுங்கால். நீ இல்லாத குறை வேறு. ஆனால் இந்த வாக்கை வாங்கிக்கொள். பொழுது சாயும்வரை எங்களை ஓட ஓட விரட்டினாலும், பன்னிரண்டாவது ஆளை உள்ளே கூப்பிட மாட்டோம். தோற்றால் பதினொரு பேராகவே தோற்போம்.

உன் மட்டையோடு உன் இடத்தில் இறங்கப்போகும் மச்சான்,
யோசேப்பு வாத்தியார்
ஆரணி