மாப்பிள்ளைக்குக் கொடுத்த வண்டி

1985 செப்டம்பர் 12, வியாழன்

ஆபீசிலிருந்து வந்ததும் நாகலக்ஷ்மி ஒரு ரிஜிஸ்டர் தபாலை நீட்டினாள். ஸ்கூட்டர் கம்பெனியிலிருந்து, என் பெயருக்கு. வண்டிக்குப் பதிவு செய்துவிட்டு ஆறு வருஷம் காத்திருந்தபோது ஒரு கார்டு போடாதவர்கள் இப்போது ரிஜிஸ்டரில் எழுதுகிறார்களே என்று சிரித்துக்கொண்டே பிரித்தேன்.

இந்த வருஷம் ஏப்ரலில் வந்த சில வண்டிகளில் ஹேண்டில்பாரில் இருக்கும் சுவிட்ச் பெட்டி சரியில்லையாம். உள்ளே ஒயர் உரசி ஷார்ட் ஆகலாம். அப்படி ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றுவிடும். எஞ்சின் நின்றால் விளக்கும் அணைந்துவிடும். ஏஜென்சிக்குக் கொண்டுவந்தால் இலவசமாக மாற்றித் தருவார்கள். அதுவரை இருட்டிய பிறகு ஓட்டவேண்டாம். கீழே நம்பர் போட்டிருந்தது. நம் வண்டியேதான்.

நம் வண்டி என்று எழுதுகிறேன். ஜூன் மாதம் ஜானு கல்யாணத்தில் மாப்பிள்ளை பசுபதிக்குக் கொடுத்தாகிவிட்டது. ஆர்.சி. புத்தகம் மட்டும் இன்னும் என் பெயரில். அதனால் தபால் இங்கே, வண்டி திருமங்கலத்தில் சம்பந்தி வீட்டு வாசலில்.

என்ன தபால் என்று நாகலக்ஷ்மி கேட்டதற்கு இன்ஷூரன்ஸ் விஷயம் என்றேன். எதற்கு அந்தப் பொய்?

செப்டம்பர் 13

மத்தியானம் ஏஜென்சிக்குப் போனேன். மெக்கானிக் விருமாண்டி கடிதத்தைப் பார்த்துவிட்டு, புதுப் பெட்டி வந்து இறங்கிவிட்டது என்றார். "அரை மணி நேர வேலைதான் சார். நீங்க ஒரு காப்பி குடிச்சிட்டு வாரதுக்குள்ள முடிச்சிருவேன்." வண்டி மகள் வீட்டில் இருக்கிறது என்றேன். "அப்ப ஒரு வார்த்தை சொல்லிவிடுங்க. மாப்பிள்ளை ஓட்டிட்டு வரட்டும்."

ஒரு வார்த்தையாம். விருமாண்டிக்கு என் சம்பந்தியைத் தெரியாது. பட்டாபிராமன், ரிடயர்டு ஹெட்மாஸ்டர். கல்யாண மண்டப வாசலில் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, நீலக் கலர் கிடைக்கவில்லையா என்று கேட்டவர். கல்யாணச் சாம்பாரில் உப்புக் கம்மி என்பதை ஆடிச் சீர் கொண்டுபோன அன்றும் ஞாபகப்படுத்தினார். அவரிடம் போய், நான் கொடுத்தது பழுது வண்டி என்று கம்பெனியே எழுதியிருக்கிறது என்று சொல்வதா? எனக்கென்ன, சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவேன். அங்கேயே இருந்து காலையும் மாலையும் கேட்கப்போகிறவள் ஜானுதான்.

சொல்லாமலே மாற்றிவிட வழி பார்க்கவேண்டும்.

செப்டம்பர் 15, ஞாயிறு

திருமங்கலம் போய்வந்தேன். பஸ்ஸிலேயே ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தேன். பெயர் மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டவேண்டும், மூன்று நாள் என்னிடம் இருக்கட்டும் என்று. நல்ல பொய் என்றுதான் நினைத்தேன்.

பசுபதி உடனே சாவியை எடுக்கப் போனார். பட்டாபிராமன் பேப்பரை மடித்துவைத்தார். கல்யாணம் முடிந்து மூன்று மாதமாகிறது, பெயர் இன்னும் மாறவில்லை, இப்போது வண்டியும் மதுரைக்குப் போகிறதா என்று மெதுவாகக் கேட்டார். நான் ஏதோ உளறினேன். "கொடுத்ததைத் திருப்பிக் கேக்கற வழக்கம் எங்காத்துல கிடையாது" என்றார்.

எனக்கு முகமெல்லாம் சுட்டுவிட்டது. அவசரமில்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நானே பின்வாங்கினேன். அடுத்த மாதம் லீவு போட்டு வண்டியைத் தானே கொண்டுவருவதாகப் பசுபதி சொன்னார். தங்கமான பையன்.

வாசல் வரை வந்த ஜானு, "என்னப்பா, முகமே சரியில்லையே?" என்றாள். வெயில் என்றேன்.

செப்டம்பர் 17

பசுபதியை அவர் வேலை பார்க்கும் பாங்க்கில் தனியாகப் பார்த்துச் சொன்னால் என்ன? அவர் அப்பாவிடம் எதையும் மறைக்காத பிள்ளை. இதுவரை ஒன்றும் ஆகவில்லையே. நூற்றில் ஒரு வண்டிக்கு ஆகுமோ என்னவோ.

செப்டம்பர் 22, ஞாயிறு

இருவரும் அந்த வண்டியிலேயே வந்தார்கள். சாப்பாடு, சிரிப்பு. வண்டி ஆறு மணி நேரம் என் வாசலில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை, ஏஜென்சி கிடையாது. ராத்திரி தங்கச் சொல்லலாம் என்றால் மறுநாள் காலை அவருக்குக் கல்லுப்பட்டிப் பக்கம் பயிர்க்கடன் பார்க்கிற வேலை. இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேருங்கள் என்று நான்கு தடவை சொன்னேன். அப்பாவுக்கு வயசாகிவிட்டது என்று ஜானு கேலி செய்தாள்.

அந்த நாலு தடவையில் ஒரு தடவை காரணத்தைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

அக்டோபர் 5

நேற்று சாயங்காலம் ஏழு மணிக்குப் பசுபதி கல்லுப்பட்டியிலிருந்து திரும்பும் வழியில். தூறல். வண்டி நடுரோட்டில் அணைந்திருக்கிறது. விளக்கும் இல்லை. பின்னால் வந்த லாரிக்காரனுக்கு ஆள் தெரியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். வலது கால்

அக்டோபர் 6

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பட்டாபிராமன் சம்மதக் கையெழுத்துப் போட்டார். நான்தான் காகிதத்தைப் பிடித்துக்கொண்டேன். நான்!

மயக்கம் தெளிந்ததும் பசுபதி என்னிடம் சொன்னார், "தானா அணைஞ்சுது மாமா. நான் வேகமாப் போகலை." யாரோ அவரைக் குற்றம் சொன்னதுபோல.

அக்டோபர் 13, ஞாயிறு

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சம்பந்தி மாமி யாரோ உறவுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், இவள் கால் வைத்து நாலு மாதத்தில் என் பிள்ளை காலைப் பறித்துக்கொண்டாள் என்று. பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு ஜானு பக்கத்திலேயே நின்றாள். அவளைத் தனியாகக் கூட்டிப்போய், இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதே என்றேன்.

"என் ராசிதாம்ப்பா. வேற என்ன சொல்லச் சொல்றே? புது வண்டி தானா நிக்குமா?"

குழந்தை நம்பிவிட்டாள். அழவில்லை, நம்பிவிட்டாள். பதில் என் அலமாரியில், வேஷ்டிக்கு அடியில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் பஸ் ஏறி வந்து, சாப்பிட்டு, இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நானெல்லாம் ஒரு அப்பன்.

அக்டோபர் 19

கடிதத்தைப் பைக்குள் வைத்தேன். எடுத்தேன். முப்பது வருஷமாக ஊரார் மனுக்களில் "பின்னர் பரிசீலிக்கலாம்" என்று எழுதிய கை.

அக்டோபர் 23

ஜானு அம்மாவுக்கு இன்லண்டு எழுதியிருக்கிறாள். பசுபதியை வீட்டுக்குக் கூட்டிவந்தாயிற்று. நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வந்தவர்கள் கண்ணில் படாமல் அடுக்களையிலேயே இருக்கச் சொன்னாளாம் மாமி. சுவாமி விளக்கையும் இவள் ஏற்றவேண்டாமாம். "அவா சொல்றதும் நியாயந்தாம்மா" என்று எழுதியிருக்கிறாள். நாகலக்ஷ்மி படித்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

அவளிடம் அலமாரியைத் திறந்து காட்டினேன். படித்தாள். என்னைத் திட்டவில்லை. சாதம் போட்டாள்.

அக்டோபர் 27, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

எல்லோரையும் பசுபதி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே கடிதத்தைப் படித்து, தமிழில் அர்த்தமும் சொன்னேன். ஜானுவின் ராசியும் இல்லை, யார் ராசியும் இல்லை, அரை மணி நேர வேலை, நான்தான் மறைத்தேன் என்றேன். பட்டாபிராமன் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நான் அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கப்படாது" என்றார். அவர் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜானுவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பசுபதி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாமே மாமா. நான் யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன்."

ஜானு தேதியைத்தான் கேட்டாள். தபால் வந்தது செப்டம்பர் பன்னிரண்டு என்றேன்.

"அப்போ நாங்க அன்னிக்கு ஆத்துக்கு வந்தப்போ உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"வாசல்ல நின்னு டாட்டா காட்டினியேப்பா."

எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

நவம்பர் 3

ஜானுவுக்கு இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை.

நவம்பர் 11, தீபாவளி

தலைதீபாவளி. அவர்கள் இங்கே வரவேண்டியது. பசுபதியால் முடியாது என்பதால் நாகலக்ஷ்மி வேஷ்டி, புடவை, பட்சணம் எல்லாம் எடுத்துக்கொண்டு நேற்றே திருமங்கலம் போனாள். நான் வரவா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்றாள்.

இன்று மத்தியானம் திரும்பி வந்தாள். பசுபதி கட்டையை ஊன்றி நாலு எட்டு நடந்தாராம். விடியற்காலையில் மாமி முதலில் ஜானுவை மணையில் உட்காரவைத்து, அவள் தலையில்தான் எண்ணெய் வைத்தாளாம். விளக்கும் அவளைத்தான் ஏற்றச் சொன்னாளாம். ஜானு புதுப்புடவை கட்டிக்கொண்டாளாம். ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். கேட்கக் கேட்க நெஞ்சில் ஏதோ இறங்கியது. போதும், இது போதும் என்றுதான் நினைத்தேன்.

ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா என்றேன்.

நாகலக்ஷ்மி டப்பாக்களைப் பையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாள். "கேக்கலை. நானா உங்க பேச்சை எடுத்தேன். அப்பா வராததே நல்லதும்மான்னா."

மணி மூன்று. எனக்கு இன்னும் எண்ணெய் ஸ்நானம் ஆகவில்லை. வெந்நீர் போடட்டுமா என்று கேட்கிறாள்.