கங்கிக்குக் கள்ளு

ஜூலை 3, திங்கள்

விடியலில் தூறல். சாப்பாட்டு நேரத்துக்குள் வெயில். சித்தூர் வெயிலுக்கு எங்கள் யாழ்ப்பாணத்து வெயில் தங்கச்சி. குடைத்துணி கிழிந்துவிட்டது. தைக்க வேண்டும்.

மாந்தோப்புக்குப் பின்னால் பாலர் வகுப்பு. பிள்ளைகளெல்லாம் தோப்புக் கூலிகளின் பிள்ளைகள். இன்று பாய் போதவில்லை. ஒரே இரைச்சல். “கதைக்காதேங்கோ” என்றேன். உடனே எல்லாம் கப்சிப். கன்னத்தில் கை, கண் என் முகத்தில். எனக்கு ஒரே பெருமை. பிறகுதான் விளங்கியது, கதை வரப்போகிறதென்று காத்திருக்கிறார்கள்! எங்கள் ஊரில் கதைப்பதென்றால் பேசுவது. இங்கே யாருக்குத் தெரியும்? வேறு வழியின்றி ஒரு முதலைக் கதை, அங்கேயே கட்டியது.

அன்னம்மா அக்கா (இனி அ.அ.; நான் தங்கியிருப்பது இவர் வீட்டில், மிஷன் மருந்தகத்து நர்ஸ்) கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். கடல் கடந்து வந்த தமிழை மொழிபெயர்க்க ஒரு துபாஷி வைக்க வேண்டுமாம். இங்குள்ளவர்கள் பாதித் தமிழும் பாதித் தெலுங்கும் கலந்து பேசுவதற்கு எத்தனை துபாஷி வைப்பதாம்? கேட்கவில்லை. சோறு போடுகிறவர்.

கதை முடியும்வரை, வகுப்பில் எல்லோரிலும் சின்னவள், கங்கி என் மடியில். யாரையும் கேட்பதில்லை, வந்து உட்கார்ந்துகொள்வாள். மூக்குச்சளி, மாம்பழப் பிசுக்கு, எல்லாம் என் சேலையில். அவள் தாய் முனெம்மா தோப்பில் காய் பொறுக்குகிறவள். தகப்பன் இல்லை.

வாங்க: கரும்பலகைக்குச் சாக்கட்டி, ஊசி நூல், தேங்காய் (புட்டு ஆசை).

ஜூலை 5, புதன்

புழுக்கம். தலையிடி. அ.அ. நேற்றே திருப்பதிக்கு, தங்கை பிரசவம். மருந்தகம் பூட்டு.

கங்கி தாமதமாக, தாயின் இடுப்பில். இறக்கிவிட்டால் தள்ளாடுகிறாள். இமை வீங்கி, கண் கோவைப்பழம். என்ன என்று கேட்டேன். முனெம்மா சொன்னது அப்படியே:

“ராத்திரியெல்லாம் கள்ளு, கள்ளுன்னு அழுதுக்கினே கீதும்மா.”

பத்து வயதில் மது தொடேன் என்று கையெழுத்திட்டவள் நான். வந்ததே கோபம். பிள்ளைகளைக் கொண்டுவந்த பெண்களெல்லாம் பார்த்திருக்க, “பிள்ளைக்குக் கள்ளுக் குடுத்துப் பழக்கியிருக்கிறியே, நீயெல்லாம் ஒரு தாயோ?” என்று கேட்டுவிட்டேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். யாராவது சொல்லத்தானே வேண்டும். ஆனாலும் இரவு அடுப்பு மூட்டவில்லை.

ஜூலை 6, வியாழன்

பாய் காலி. வந்தது ஓர் ஆடு. பாயின் ஓரத்தைத் தின்றது.

விறகுக் கட்டோடு போன ஒருத்தி, நின்றுகூடப் பார்க்காமல்: “கள்ளு குடிக்கிற புள்ளைங்களுக்குப் படிப்பு எதுக்கும்மா?”

நான் சொன்னதில் என்ன பிழை? ஒரு பிழையும் இல்லை. குடை தைத்தேன், கோணல். மடி வெறுமையாக இருப்பது ஒரு மாதிரியாக இருக்கிறது.

ஜூலை 7, வெள்ளி

நல்ல மழை. அ.அ. மதிய ரயிலில் வந்தார். தங்கைக்கு ஆண் குழந்தை. கொய்யா கொண்டுவந்தார். கொய்யாவைத் தின்றபடி என் வீரத்தைச் சொன்னேன். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அடிப்பாவி. தெலுங்குல கள்ளுன்னா கண்ணுங்க. கண்ணு வலிக்குதுன்னு அழுதுக்கினு இருக்குது அந்தப் புள்ள. அதுவும் முனெம்மாகிட்டயா சொன்ன? புருசனைக் கள்ளுக்கு வாரிக் குடுத்தவ அவ.”

கொய்யாவைக் கீழே வைத்தேன். இப்படி வெட்கப்பட்ட நாள் என் வாழ்க்கையில் இல்லை.

குடையும் இல்லாமல் ஓடினோம். முனெம்மா வாசலை மறித்து நின்றாள். பிழை என்னுடையது, மன்னித்துக்கொள்ளுங்கோ என்றேன். என்னைப் பார்க்கவில்லை. அக்காவிடம் மட்டும், “அவங்க பாஷை எனக்குத் தெரிலக்கா. நீ உள்ள வந்து புள்ளயப் பாரு.”

கங்கி மூலையில், முகத்தில் துணி. இமை இரண்டும் சீழால் ஒட்டிக்கிடந்தன. அக்கா கழுவப் போனால் திமிறுகிறாள், கடிக்கிறாள். தாயிடமும் நிற்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முனெம்மா அவளைத் தூக்கி என் மடியில் வைத்தாள். அடங்கிவிட்டாள்.

இடது கருவிழியில் பூ விழுமா என்று இரண்டு நாள் போனால்தான் தெரியுமாம். விழுந்தால் அந்தக் கண் போனதுதான். புதனன்றே நான் ஒழுங்காகக் கேட்டு, சுடுநீரிலாவது கழுவியிருந்தால்? ஜெபிக்க உட்கார்ந்தேன். பாதியில் எழுந்து நாளைக்குப் பஞ்சு உருட்டி வைத்தேன்.

ஜூலை 10, திங்கள்

மேகம். காற்று சுகம்.

சனியும் ஞாயிறும் குடிசையில்தான். போரிக் தண்ணீர், பஞ்சு, சொட்டு மருந்து. மறுபடி போரிக் தண்ணீர். முனெம்மா களியும் கீரையும் தருவாள், பேசமாட்டாள்.

இன்று காலை கழுவித் துடைத்ததும் இமை திறந்தது. வலது முழுதாக, இடது பாதி. கங்கி என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு, “மொசலி கத.” முதலைக் கதை வேண்டுமாம்! அ.அ. வாசல் வெளிச்சத்தில் வைத்து இமையைப் பிரித்துப் பார்த்தார். பூ இல்லை. இல்லவே இல்லை. சந்தோஷத்தில் முதலையை இரண்டு தரம் கரையேற்றினேன்.

மாலையில் பாய் நிறைந்தது. ஜெபத்துக்கு முன் கண்ணை மூடச் சொல்ல வேண்டும். படித்து வைத்த தெலுங்கைச் சொன்னேன்: “அந்தரு கள்ளு மூஸ்கோண்டி.” பாய் முழுக்கச் சிரிப்பு. ஆனால் மூடினார்கள்.

ஜூலை 13, வியாழன்

வெயிலா மழையா தெரியாது. காலையில் இமை திறக்கவில்லை, சுடுநீர்ப் பஞ்சு வைத்துத்தான் பிரித்தேன். இரண்டும் சிவப்பு. கங்கி தந்த சீதனம். வகுப்புப் பக்கமே போகக்கூடாதென்று அ.அ. கட்டளை. இதையும் கண்ணை இடுக்கிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

வேலைக்குப் போகும் வழியில் முனெம்மா வந்தாள். இடுப்பில் கங்கி, கையில் இலையில் சுற்றிய நந்தியாவட்டைப் பூ. கண்ணில் ஒற்றிக்கொள்ளவாம், அதை என்னிடம் சொல்லவில்லை, அக்காவிடம் சொன்னாள். பிறகு என்னருகில் வந்து, குனிந்து, என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பே இல்லை.

“இன்னாம்மா, காலங்காத்தாலயே கள்ளு குடிச்சிக்கினு வந்து குந்திகினியா?”