நுரைத்த இஞ்சித் தண்ணீரும் உன் ஏளனமும்

இன்று காலை தருமபுரிப் பேருந்தில், பக்கத்து இருக்கைப் பெண்ணின் பைக்குள் ஒரு பாட்டில் மூடி டப்பென்று தெறித்தது. பீட்ரூட் சிவப்பு அவள் புடவையில் வழிய, புளிப்பும் கடுகும் கலந்த வாடை பரவியது. அவளோ கூச்சப்படவில்லை. "புரோபயாட்டிக்குங்க. வூட்டுலயே செஞ்சது, குடலுக்கு அவ்ளோ நல்லது" என்று எனக்குப் பாடம் எடுத்தாள். நீ இருந்திருந்தால் ஏற இறங்க ஒரு பார்வை பார்த்திருப்பாய். அந்தப் பார்வை என் முகத்தில் வந்து உட்கார்ந்தது.

பாப்பிரெட்டிப்பட்டி கல்யாண மண்டபத்தில் நடந்த அந்தப் பயிற்சிக்கு உன்னை நான்தான் இழுத்துப் போனேன். மேடையில் வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள். வெள்ளை ஜிப்பாக்காரர் ஒருவர் ஒவ்வொன்றையும் கைக்குழந்தை போலத் தூக்கிக் காட்டினார். ஜாடிக்குள் கோடிக்கணக்கில் நல்ல கிருமிகளாம். குடித்தால் சர்க்கரை நோய் ஓடிவிடுமாம், மாத்திரையெல்லாம் விஷமாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வருடக்கணக்காக ரத்தப் பரிசோதனை செய்தவள் நீ. எழுந்து, அந்தக் கிருமிகளை எந்த ஆய்வகத்தில் பார்த்தீர்கள் என்று கேட்டாய். முதலில் நம்பிக்கை வேண்டும் என்றார் அவர்.

"நம்பிக்கைக்கு நான் ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போறங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாய். மண்டபமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்கு உன்மேல்தான் கோபம்.

ஏனென்றால் நான் நம்பிவிட்டேன். உன்னிடம் மறைத்து என் சர்க்கரை நோய் மாத்திரையை நிறுத்தினேன். இரண்டு வேளையும் அவர் சொன்ன இஞ்சிப் பானம். ஒரு மாதத்துக்குள் அலுவலக நாற்காலியிலிருந்து எழ முடியாமல் கண் இருண்டது. நீதான் ஸ்கூட்டரில் அழைத்துப் போய் விரலைக் குத்தினாய். கருவியில் எண் வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "எம்.ஏ. படிச்ச முண்டம்" என்றாய். அந்தக் கையோடு மருத்துவரிடமும் கொண்டுபோய் நிறுத்தினாய்.

அடுத்த ஞாயிறு என் சமையலறைக்கே வந்தாய். வெந்நீரில் கழுவிய ஜாடியில் தோலோடு துருவிய இஞ்சி, சர்க்கரை, கொதித்து ஆறிய தண்ணீர். வாய்க்குத் துணி கட்டி, தினமும் கொஞ்சம் இஞ்சியும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறச் சொன்னாய். நாலைந்து நாளில் நுரை கட்டியது.

"சர்க்கரைய கிருமி தின்னுது, காத்து வுடுது, புளிக்குது. அவ்ளோதான்டி. இதுக்கு ஒரு ஜிப்பாவா?"

பூஞ்சை படர்ந்தால் வழித்துவிட்டுக் குடிக்காதே, மொத்தத்தையும் கொட்டு என்றாய். பாட்டிலில் அடைத்தால் அடிக்கடி திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும். கிருமி தின்றது போக மிச்சச் சர்க்கரை அதிலேயே கிடக்கும், உனக்கு ஒரு வாய் போதும். ருசிக்குக் குடி, மருந்தென்று குடித்தால் என் முகத்தில் விழிக்காதே என்று முடித்தாய்.

அதற்குப் பிறகு ஜாடி தூக்குகிறவர்கள் யாரைக் கண்டாலும் எனக்கு இளக்காரம்தான். உன் வார்த்தைகளையே எடுத்து வீசுவேன். நீ ரசிப்பாய்.

பிறகு உன் வயிற்றில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பாதியாகிக் கிடந்தாய். ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்து, "அந்த இஞ்சித் தண்ணி கொஞ்சம் போட்டுக் கொண்டாடி" என்றாய்.

"நீயும் ஜிப்பாக்காரன்கிட்ட சேந்துட்டியா?" என்று கேட்டேன். நீ சிரிப்பாய் என்று காத்திருந்தேன். நீ போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாய். மறுபடி கேட்கவில்லை. பத்து நாளில் போய்விட்டாய்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது உன் தங்கை சொன்னாள். மருந்து ஏறியதிலிருந்து வாயெல்லாம் இரும்பாகக் கசக்கிறது, புளிப்பாக ஏதாவது வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாயாம். நீ கேட்டது மருந்தல்ல. மருத்துவர் அந்தத் தண்ணீர் கூடாதென்றே சொல்லியிருக்கலாம். அவரிடம் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. ஓர் எலுமிச்சம்பழம்கூட வாங்கி வரவில்லை.

அந்த ஜிப்பாக்காரர் இன்னும் ஊர் ஊராக மேடையேறுகிறார். அவரை நினைத்தாலே காறித் துப்பத் தோன்றுகிறது. அந்த ஏளனத்தை நான் விடப்போவதில்லை, அது நீ கொடுத்தது. ஆனால் ஏமாற்றுகிறவர்களுக்கென்று நீ வைத்திருந்ததை, வாய் கசந்து கிடந்த உன்மேலேயே வீசினேன். இப்போதெல்லாம் முடியாமல் கிடக்கிறவர்கள் எதைக் கேட்டாலும், எதற்கு என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். உன்னிடம்தான் கேட்கவில்லை.